காலியிடம் சார் வீட்டு இடைவழி

எங்கள் கல்லூரியில் அவரை அப்பா அம்மா வைத்த பெயரால் கூப்பிடுபவர் யாரும் இல்லை. மாணவர்களுக்கு, அலுவலகத்துக்கு, வாசல் காவலாளிக்கு, எல்லோருக்கும் அவர் காலியிடம் சார்தான். வீட்டு உள்ளலங்காரம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதலாண்டில் வடிவமும் இடமும் சொல்லிக்கொடுப்பவர். “சுவத்தைப் பாக்காதீங்கப்பா. சுவத்துக்கு நடுவுல இருக்கற காலியிடத்தைப் பாருங்க. நாம குடியிருக்கறது சுவத்துலயா, காலியிடத்துலயா?” என்று மூச்சுக்கு மூச்சு கேட்பார். பட்டப்பெயர் அப்படி ஒட்டியது. அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. தொலைபேசியை எடுத்தால் “காலியிடம் பேசறேன்” என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

பக்கத்து வகுப்பறையில் துணியும் நிறமும் நடத்துகிறவள் நான். இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் பாடத்தை ஒப்பிப்பேன். அவர் மனைவி எனக்குச் சிநேகிதி. அவர் வீட்டில் தங்கிப் படித்த பெண் எனக்கும் மாணவி. ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் கண்டது, மீதி அந்த மூன்று பேர் வாயிலிருந்தும் கேட்டது. மூன்று வாயும் ஒன்றையே சொன்னதால் தைரியமாக எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் அவர் ஒரு வித்தை காட்டுவார். கைப்பிடி உடைந்த பீங்கான் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து, அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். பிறகு சுத்தியலை எடுத்துக் கோப்பையைத் தட்டி உடைப்பார். ஓடுகள் உதிர்ந்ததும் மேஜை மேல் வெள்ளையாக ஒன்று நிற்கும். “இது என்ன?” என்பார். பிள்ளைகள் “கோப்பை சார்” என்பார்கள். “கோப்பை கீழ உடைஞ்சு கிடக்கு. இது கோப்பைக்குள்ள இருந்த காலியிடம். இத்தனை நாள் இதுலதான் டீ ஊத்திக் குடிச்சீங்க. முகத்தை இன்னிக்குத்தான் பாக்கறீங்க.” வகுப்பே வாயைப் பிளக்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் துணியைக் கீழே போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் நல்ல வாத்தியார். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அவர் வளர்ந்தது ஒற்றை அறை வீட்டில். அப்பா, அம்மா, அத்தை, பிள்ளைகள் என்று அத்தனை பேரும் அதற்குள்தான். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவர். “புரண்டு படுத்தா அண்ணன் முட்டி என் மூக்குல இடிக்கும்” என்பார். கால் நீட்ட இடமில்லாமல் வளர்ந்தவருக்கு இடத்தின் மேல் பித்துப் பிடித்ததில் அதிசயமில்லை. சொந்தமாக வீடு வாங்கியதும் முதல் காரியமாக ஒன்றைத் தீர்மானித்தார். ஹாலில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஜன்னலோரம் ஒரு நீள இருக்கை, மூலையில் சாப்பாட்டு மேஜை, மற்றபடி வெளிச்சம் மட்டும். வருடா வருடம் மாணவர்களை வீட்டுக்கே அழைத்துப் போய் ஹால் நடுவில் நிறுத்துவார். “கையை விரிச்சு ஒரு சுத்து சுத்துங்க. எதாவது இடிக்குதா?” ஒன்றும் இடிக்காது. பிள்ளைகள் தட்டாமாலை சுற்றுவார்கள். அவர் மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுப்பாள்.

ஹாலில் இடித்திருக்க வேண்டியவை எல்லாம் எங்கே போயின என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் ஹாலின் அழகைக் கெடுக்கும் என்று, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த இடைவழிக்குப் போயிற்று. அவர் இளமையில் செய்து பரிசு வாங்கிய அட்டை மாதிரிகளை வைத்திருந்த கண்ணாடி அலமாரி, ஃபிரிட்ஜுக்கு நேர் எதிரே போயிற்று. நடுவே மிஞ்சியதுதான் வழி. அவர் அந்த வழியாகப் போகவே மாட்டாரா என்று கேட்பீர்கள். போவார். வெறுங்கையை வீசிக்கொண்டு எப்போதாவது போகிறவர் தோளைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். சாய்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

அந்த வருடம் அவர் மனைவியின் அக்கா மகள் எங்கள் கல்லூரியில் சேர்ந்து, அவர்கள் வீட்டிலேயே தங்கினாள். வீட்டில் சித்தப்பா, கல்லூரியில் சார். சொந்தக்காரப் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறார் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசக் கூடாதே என்று அவருக்கு ஒரே நடுக்கம். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவார். கல்லூரிக்கு முந்தின திருப்பத்தில் இறக்கிவிட்டுவிடுவார். அவர் உள்ளே போய் வண்டியை நிறுத்தித் தலை சீவி முடித்த பிறகுதான் அவள் நடந்து வந்து சேருவாள். வராந்தாவில் எதிர்ப்பட்டால், சற்று முன்னால் ஒரே மேஜையில் சாப்பிட்டதையெல்லாம் மறந்தவளாக “குட் மார்னிங் சார்” என்பாள். அதிகம் பேசாத பெண். ஆனால் எதையும் பார்க்காமல் விடமாட்டாள். என் வகுப்பில் சாயம் போன இடத்தை எனக்கு முன்பே கண்டுபிடிப்பாள்.

அரையாண்டில் அவர் தரும் பயிற்சி பெயர் பெற்றது. வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை ஒரு நாள் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றி, அவர் உடம்பு வீட்டுக்குள் எங்கெங்கே போனது, நின்றது, உட்கார்ந்தது, கையைத் தூக்கியது என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் இருபதில் ஒரு பங்கு அளவில் அட்டையால் அச்சுக் கட்டி, பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் அட்டையை உரித்துவிட வேண்டும். சுவர் கிடையாது, கதவு கிடையாது, மேஜை நாற்காலி கிடையாது. அந்த ஆள் வாழ்ந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டியாக மிஞ்சும். பெரும்பாலும் அப்பாவையோ அண்ணனையோ எடுப்பார்கள். உருளைக்கிழங்கு மாதிரி கொழுகொழுவென்று ஒன்று வரும். சோபா இருக்கும் பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஊதியிருக்கும்.

மதிப்பிடும் நாளில் மாணவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. பொருளின் மேல் எண்ணும், பக்கத்தில் ஒரு சின்ன அட்டையும் மட்டும் இருக்கும். “பொருள்தான் பேசணும், புள்ளைங்க பேசக் கூடாது” என்று அவர் கொண்டுவந்த வழக்கம் அது. பாரபட்சம் என்ற பேச்சே வராது என்பது அவர் கணக்கு. அந்த வருடம் மதிப்பிட உட்கார்ந்தது அவர், நான், வெளியிலிருந்து வந்த ஒரு ஆர்க்கிடெக்ட். பிள்ளைகளை என் வகுப்பறையில் உட்காரவைத்திருந்தோம். நடுவில் இருந்த பலகைத் தடுப்பு அன்று யார் நினைவுக்கும் வரவில்லை.

உருளைக்கிழங்குகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. பிறகு ஒன்று வந்தது. விரல் கனத்தில் வளைந்து வளைந்து போகும் ஒரு வெள்ளைத் தண்டு. ஒரு பக்கத்தில் முடிச்சாகத் திரண்டு கொஞ்சம் உயர்ந்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் மேலும் மெலிந்து, அமுக்கிவிட்டதைப் போலப் பட்டையாகியிருந்தது. கடைசி முனையில், எல்லாம் முடிந்த பிறகு, கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டிப் புடைப்பு. அட்டையில், ‘ஒரு பெண். வயது நாற்பத்தாறு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“இது என்னங்க, எலி வளையா?” என்று ஆரம்பித்தார் காலியிடம் சார். குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுபோனார். எந்த மாதிரியையும் அப்படித்தான் பார்ப்பார். “அளவு தப்பு. இருபதுக்குப் பதிலா நாப்பதுல போட்டிருக்கு இந்தப் புள்ள. இந்த மெலிஞ்ச இடத்தைப் பாருங்க. இதுல ஒரு மனுஷி எப்படிப் போவா? இங்க குடியிருக்கறது பொம்பளையா, நண்டா?”

நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேஜையோரமாக நண்டு நடை நடந்து காட்டினார். ஆர்க்கிடெக்ட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் நடித்துக் காட்டினால் கல்லும் சிரிக்கும்.

“உக்கார்ற இடமே காணோமே சார்,” என்றேன்.

“அதைத்தான் சொல்றேன். நாள் பூரா உக்காராத மனுஷி உலகத்துல உண்டா? யாரையும் கவனிக்காம, கற்பனையில செஞ்சு கொண்டாந்திருக்கு.” அந்தக் குட்டிப் புடைப்பைத் தடவிப் பார்த்தார். “இது வேற. அச்சு சரியா ஒட்டல, பிளாஸ்டர் வழிஞ்சிருக்கு.” கட்டைவிரலால் நெம்பினார். டக்கென்று உடைந்து கையோடு வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உடைசல்களைப் பையில் போட்டுக்கொள்வது அவர் பழக்கம். வீட்டுக்குப் போனால் மனைவி துவைக்கும்போது எடுத்துப் போடுவாள். அட்டையில் சிவப்பு மையால் எழுதினார்: ‘இப்படி ஓர் இடத்தில் மனிதர் வாழ முடியாது. மீண்டும் செய்க.’ மீண்டும் செய்து தேறாவிட்டால் அந்தப் பாடத்தில் தோல்விதான்.

மாலையில் வழக்கமான திருப்பத்தில் அக்கா மகளை ஏற்றிக்கொண்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“பாப்பா, இன்னிக்கு ஒரு நண்டு வீடு வந்துச்சு பாரு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு.”

“அப்படியா சித்தப்பா.”

“யாரு செஞ்சதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் சித்தப்பா.”

“சொல்லிடாத, சொல்லிடாத. எனக்குத் தெரியக் கூடாது.”

அவள் சொல்லவில்லை. வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

சாப்பாட்டு மேஜையில் அதே கதையை மறுபடியும் எடுத்தார். மனைவி உள்ளே அடுப்படியில் இருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, எலி வளையிலிருந்து ஆரம்பித்தார். “நல்லாச் சொல்லுங்க, காது இங்கதான் இருக்கு!” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நண்டு கட்டம் வந்ததும் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார். கைகளைத் தூக்கினார். பக்கவாட்டில் அடியெடுத்து இடைவழிப் பக்கமாக நடந்தார்.

எதிரே மனைவி வந்துகொண்டிருந்தாள். கொதிக்கும் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது தோளை முன்னே விட்டு, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, ஃபிரிட்ஜுக்கும் அலமாரிக்கும் நடுவே பக்கவாட்டில் வந்தாள். இடைவழியின் வாயில் இரண்டு பேரும் ஒரே கோலத்தில் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

“என்னங்க இது கூத்து? வழி விடுங்க, கை சுடுது,” என்றாள் அவள்.

அவர் விலகினார். தூக்கிய கையை இறக்க மறந்துபோயிருந்தது. அவள் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, “ம், அப்புறம்? அந்த நண்டு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். கதையைப் பாதியில் விட்டால் அவளுக்குப் பிடிக்காது.

“ஒண்ணும் ஆகல,” என்றார். அக்கா மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டது பேருக்குத்தான். மனைவி தண்ணீர் எடுக்கப் போனாள், கரண்டி எடுக்கப் போனாள், உப்பு எடுக்கப் போனாள். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும் உடம்பு தானாகத் திரும்பியது. கை ஒன்று முந்தானையை ஒதுக்கிக்கொண்டது, ஃபிரிட்ஜின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று. இருபது வருடமாக அவர் முன்னால் நடந்துகொண்டிருந்த காட்சி. வருடா வருடம் பிள்ளைகளை நிறுத்தி “எதாவது இடிக்குதா?” என்று அவர் கேட்கும்போதெல்லாம் அவள் அப்படித்தான் டீத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஊருக்குக் கண் திறந்துவிட்டவருக்குத் தன் வீட்டில் கண் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கை கழுவப் பின்பக்கம் போனார். துணி துவைக்கும் இடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, மனைவி தன் அக்காவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். “ஆமாக்கா, உம்பொண்ணு நல்லாத்தான் சாப்பிடறா…” அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டாள். “என்னங்க, எதாவது வேணுமா?”

“ஒண்ணும் வேணாம். நீ உக்காரு.”

ஆனால் அதற்குள் அவள் பக்கெட்டை நிமிர்த்தி வைத்துவிட்டாள். அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. மத்தியானம் நெம்பி எடுத்த புடைப்பு அங்கேயே இருந்தது. அந்த வீட்டில் அவளுக்கு உட்கார இருந்த ஒரே இடம் அதுதான், அதையும் அவர் உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மறுநாள் காலை ஸ்கூட்டர் திருப்பத்தில் நிற்கவில்லை. அக்கா மகளோடு நேரே கல்லூரி வாசலுக்குள் போனார். காவலாளி எட்டிப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு அந்தத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இதை ஒட்டிடும்மா.”

“ஒட்டினாலும் தழும்பு தெரியும் சார்,” என்றாள் அவள். வாங்கிக்கொண்டாள்.

அன்று வகுப்பில் எல்லா மாணவர்களையும் உட்காரவைத்தார். என்னையும் கூப்பிட்டார். கரும்பலகையில் ஒரு வீட்டின் வரைபடத்தைப் போட்டார். ஹாலைப் பெரிதாகப் போட்டதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, அவர்கள் தட்டாமாலை சுற்றிய ஹால். பிறகு இடைவழியைப் போட்டார். ஃபிரிட்ஜைப் போட்டார். அலமாரியைப் போட்டார். நடுவே மிஞ்சிய இடத்தில் சுண்ணக்கட்டியை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். “இது என் வீடு. நேத்து நான் நடிச்சுக் காட்டின நண்டு என் பொண்டாட்டி. தப்பு அளவுல இல்ல, அளந்து பாத்த வாத்தியார்கிட்ட. ‘இப்படி ஓர் இடத்தில் மனிதர் வாழ முடியாது’ன்னு எழுதினேன். வாழ்ந்துக்கிட்டுதான் இருக்காங்க.” தொண்டை அடைத்துவிட்டது. அக்கா மகளின் மதிப்பெண்ணைத் திருத்தி, அந்த வகுப்பிலேயே முதலிடம் கொடுத்தார்.

ஒரு பையன் கை தட்டினான். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது. அவள் மட்டும் தட்டவில்லை. அவமானத்தில் கூனிக் குறுகி நின்ற மனிதர், கைதட்டல் நீள நீளக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அங்கேதான் விஷயம் கெட்டது.

செய்தி பரவியது. அந்த ஆர்க்கிடெக்ட் தன் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று அழைத்தார். பேசினார். இன்னொரு கல்லூரி அழைத்தது. அங்கேயும் பேசினார். எவ்வளவு நேர்மை, எவ்வளவு பெரிய மனசு என்று பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை நான் கேட்டபோது, எந்தச் சொல்லில் தொண்டை அடைக்கும் என்று எனக்கே தெரிந்திருந்தது. பேச்சு பல்லக்கு, தம்பி பொடிநடை என்பது இதுதான். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேவிட்டேன்.

“எல்லார்கிட்டயும் சொல்றீங்களே சார், வீட்டுல சொன்னீங்களா?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “அவ முகத்தைப் பாத்துச் சொல்ல வெக்கமா இருக்கு டீச்சர்,” என்றார். அது உண்மை. அவர் மூன்று மேடையில் பேசியதைவிட அந்த ஒரு வரி உண்மை. ஆனால் வெட்கம் அலமாரியை நகர்த்தாது.

அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு நினைவுப் பரிசு கொடுத்திருந்தார்கள். கனமான மரப்பலகை, அதன் மேல் கண்ணாடி, கண்ணாடிக்குள் ‘காணாத இடத்தைக் கண்டவருக்கு’ என்று பொன் எழுத்து. வீட்டுக்குக் கொண்டுபோனவர் அதை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஹாலில் ஒன்றும் வைக்கக் கூடாது. இடைவழி அலமாரியைத் திறந்து, பழைய அட்டை மாதிரிகளை ஒதுக்கி அதை உள்ளே தள்ளினார். ஆழம் போதவில்லை. கதவு முழுசாக மூடாமல் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது. பரவாயில்லை என்று விட்டுவிட்டு, முகம் கழுவி வந்து மேஜையில் உட்கார்ந்தார்.

மனைவி தட்டோடு வந்தாள். அலமாரி வந்ததும் திரும்பினாள். தோள் போகவில்லை. பின்வாங்கி, தட்டை இன்னும் மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கதவின் ஓரம் கன்னத்தில் உரச உரச வந்து சேர்ந்தாள். தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

அக்கா மகள்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் அளவு கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

“சித்தப்பா, இப்ப இன்னும் ரெண்டு விரல் குறைஞ்சிருச்சு.”

மதிப்பிடும் நாளன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிய சிரிப்பையெல்லாம் கேட்டபோதும் வாய் திறக்காத பெண். ஊரெல்லாம் மேடையில் சித்தியின் கதையைக் கேட்டபோதும் வாய் திறக்காத பெண். அவருக்கு முதலில் காது சூடானது. பிறகு முகம், பிறகு கழுத்து. முன்பு வந்த வெட்கத்துக்குச் சாக்கு இருந்தது, பார்க்கவில்லை என்று. இது பார்த்த பிறகு செய்தது. தன் அவமானத்தைக் கூடப் பரிசாக மாற்றி, அதையும் அவள் வழியிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது, சோற்றில் வைத்த கையை எடுக்க முடியவில்லை என்றார். என்னிடம் சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைக்கவில்லை. வெறும் குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அலமாரியிலிருந்த மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஹால் தரையில் வைத்தார். அலமாரியை இழுத்தார். நகரவில்லை. அக்கா மகள் கை கொடுத்தாள். இரண்டு பேருமாக அதை ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ஃபிரிட்ஜும் வந்தது.

மனைவி பதறிப்போனாள். “ஐயோ, என்னங்க பண்றீங்க? ஹால் கெட்டுப் போகுதே! புள்ளைங்க வந்தா எங்க சுத்துவாங்க?”

அப்போதுதான் சொன்னார். ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்தபடி, மூச்சு வாங்க, மேடையில் சொன்ன அழகெல்லாம் இல்லாமல் உளறிக்கொட்டிச் சொன்னார். நண்டு நீதான் என்றார். எல்லோரையும் சிரிக்கவைத்தேன் என்றார். நீ உட்காரும் இடத்தை உடைத்துவிட்டேன் என்றார். ஊரெல்லாம் போய்ச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன் என்றார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“நான் அப்படியா போறேன்?” என்று அக்கா மகளைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் தலையாட்டினாள்.

“எனக்கே தெரியாதேடி,” என்றாள் சித்தி.

இதெல்லாம் கேட்ட பிறகு, ஒரு விடுமுறை நாளில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் அடையாளம் தெரியவில்லை. வாசலில் நுழைந்ததும் ஃபிரிட்ஜ் உறுமியது. அலமாரி ஜன்னல் வெளிச்சத்தில் பாதியை மறைத்தது. அதன் மேல் தட்டில் அக்கா மகள் செய்த வெள்ளைத் தண்டு இருந்தது. ஒட்டிய புடைப்பைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தது. நினைவுப் பரிசைக் காணோம். நான் உட்காரப் போனபோது முழங்கால் மேஜையில் இடித்தது. காலியிடம் சார் “பாத்து, பாத்து” என்றார். இன்னொரு கல்லூரி பேசக் கூப்பிட்டதாம், வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். மேற்கொண்டு அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை.

இடைவழி திறந்து கிடந்தது. அலமாரியின் கால்கள் நின்ற இடத்தில் தரை மட்டும் புதிதாகப் பளபளத்தது. இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு போகலாம், அவ்வளவு அகலம். அவர் மனைவி எங்களுக்கு டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த இடம் வந்ததும் தட்டைத் தோளுக்கு மேலே தூக்கினாள். இடது தோளை முன்னே விட்டு, வயிற்றை உள்ளிழுத்து, பக்கவாட்டில் வந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? டீ ஆறுது,” என்றாள்.

“நேரா வரலாமேம்மா. இடம் இருக்கே,” என்றார் அவர். பலமுறை சொல்லிச் சலித்த குரல் அது.

“அட, ஆமால்ல!” என்று நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தாள். தட்டை மேஜையில் வைத்தாள். என் டீயில் சர்க்கரை குறைவாக இருக்கும் என்று எடுத்துவரத் திரும்பிப் போனாள். இல்லாத ஃபிரிட்ஜின் கைப்பிடியில் மாட்டாமல் ஒரு கையால் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, இல்லாத அலமாரியின் ஓரமாக ஒடுங்கிப் போனாள்.

காலியிடம் சார் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சர்க்கரையோடு திரும்பி வரும்வரை தலையைத் தூக்கவில்லை.